தகட்டை வெட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்

பாறையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே வண்டி கட்டித் தரும் பட்டறை நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு பட்டறையில் ஆசை ஆசையாக வண்டி கட்டிக்கொண்டு, பிறகு அதன் தரையை கிரைண்டரால் அறுத்து எடுக்க நேர்ந்தவன் நான். சண்டை போடுவதற்காக எழுதவில்லை. கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), சஸ்பென்ஷன், ஆக்சில், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் அரை நாள் உட்கார்ந்து பேசுகிறீர்கள், திரும்பத் திரும்ப அளவெடுக்கிறீர்கள், ஆனால் தரை என்று வந்தால் மட்டும் மூலையில் சாத்தி வைத்திருக்கும் செக்கர் பிளேட்டை (மேலே புடைப்புகள் உள்ள தகட்டை) எடுத்து, வெட்டி, சுற்றிலும் வெல்டு வைத்து முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் வண்டியில் போட்டது 3 மில்லிமீட்டர் இரும்பு செக்கர் பிளேட். முன்னாலிருந்து பின்சீட் வரைக்கும் ஒரே துண்டு, விளிம்பெல்லாம் வெல்டிங். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, நானும் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். இரண்டாவது வருடம் கிளட்ச் பிளேட் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தது. மேலே இருக்கும் போல்ட்டுகளுக்கு ஸ்பானர் நுழைய வழியே இல்லை, நேர் மேலே தரை. அறுத்தோம். பறந்த பொறியில் தரைக்கு அடியில் கட்டியிருந்த வயரின் உறை கருகியது, அதற்கு ஒரு சாண் தள்ளி பெட்ரோல் குழாய் போகிறது. ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அன்றைக்கு வயிற்றில் பிடித்த பயம் இன்னும் முழுதாக விடவில்லை.

தரை என்றால் கால் வைக்கத்தானே என்று நினைக்கிறோம். கால் வைப்பது அதன் கடைசி வேலை. கீழிருந்து வரும் கல்லும் குச்சியும் தண்ணீரும் சூடும், கெட்ட நேரத்தில் தீயும், உள்ளே இருப்பவரைத் தொடாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. அதனால் எந்த உலோகம் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், இந்த இடத்துக்கு நேர் கீழே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாயான புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்தால் அந்தக் குழாய் சுழன்றபடியே மேலும் கீழும் அடிக்கும், மெல்லிய அலுமினியத் தகடு அதற்கு முன் காகிதம் மாதிரி. ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டி, அதற்கு மேலே தரையின் நடுவில் மேடாக வரும் டனலை மட்டுமாவது நல்ல கனமான இரும்பில் செய்யுங்கள். சைலன்சர் குழாய் போகும் இடத்தில் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, ஒரு வெப்பத் தடுப்புத் தகடு கொடுங்கள். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், ஓரிடத்தில் பட்ட சூடு தரை முழுக்கப் பரவி ஓட்டுகிறவரின் குதிகாலுக்கு வந்துவிடும். காய்ந்த புல்லும் சருகும் குழாய்க்கு மேலே சேர்ந்து தங்காதபடி தரையின் அடிப்பக்கத்தை வழுவழுப்பாக வைப்பதும் முக்கியம், ஏனென்றால் இந்த வண்டிகளில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

எடைக் கணக்கை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், இருந்தாலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் சுமார் 7.85 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. தரை மொத்தம் 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 3 மி.மீ. இரும்பு 47 கிலோ (செக்கர் பிளேட்டில் அந்தப் புடைப்புகள் வேறு கூடுதல்), 1.5 மி.மீ. இரும்பு 23.5 கிலோ, 3 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. வளையாமல் நிற்கும் விறைப்பை மட்டும் பார்த்தால் 1.5 மி.மீ. இரும்புக்கு ஏறத்தாழ 2.1 மி.மீ. அலுமினியம் ஈடாகும், எடையோ பாதிக்கும் கீழே. அப்படியானால் எல்லாவற்றையும் அலுமினியத்தில் போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தரை வண்டியின் தாழ்வான இடத்தில் இருக்கிறது, அங்கே ஏழெட்டு கிலோ குறைப்பதைவிடக் கூரையில் ஏற்றும் சாமானில் அதைக் குறைத்தால் வண்டி கவிழாமல் இருக்கக் கூடுதலாக உதவும். அப்புறம் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு, சின்னச் சின்ன அதிர்வானாலும் அது சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் ரிவெட் துளையிலிருந்து விரிசல் விடும். இரும்போ ஓர் அளவுக்குக் கீழான அதிர்வு எத்தனை முறை வந்தாலும் தாங்கிக்கொள்ளும். என் கணக்கில் 1.5 மி.மீ. இரும்புத் தகட்டில் உருளையால் வரி வரியாகப் பள்ளம் இழுத்துப் போட்டால் பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே சரியான தரை. அந்த வரிகள்தான் அதை விறைப்பாக்குகின்றன, டமடமவென்று அதிராமலும் வைக்கின்றன.

அலுமினியம்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் எந்த ரகம் என்று சொல்லி வாங்குங்கள். மடித்துப் போடும் துண்டுக்கு 5052 நல்லது. 6061-டி6 வலுவானதுதான், ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும், வெல்டு வைத்தால் வெல்டைச் சுற்றி வலு இறங்கிவிடும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத்தை நேராக உட்கார வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே உப்பு கலந்த சேற்று நீர் இறங்கினால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம்தான். இரும்புத் தகட்டில் அலுமினிய ரிவெட் அடிப்பது இன்னும் மோசம், ரிவெட் சிறியது, சீக்கிரம் போய்விடும். நடுவே ரப்பர் பட்டையோ சீலன்ட்டோ கொடுங்கள், போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். இது அரை மணி நேர வேலை.

ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை, இது வண்டிக்காக இல்லை, உங்களுக்காக. வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலுமாகப் போட்டுப் புரட்டும். எடுத்த பூச்சுக்குப் பதிலாகப் பிறகு பிரைமர் அடிக்க மறக்க வேண்டாம், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கம்பி வலைத் தரை வேண்டவே வேண்டாம். தண்ணீர் வடியும், எடை குறைவு, எல்லாம் உண்மை. நண்பர் ஒருவரின் வண்டியில் முன் சக்கரம் மிதித்த குச்சி நிமிர்ந்து வலையைப் பிய்த்துக்கொண்டு அவர் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். பிளைவுட் ஈரம் குடித்து உளுக்கும். எச்டிபிஇ என்ற ரகத்துக் கெட்டி பிளாஸ்டிக் பலகை துருப்பிடிக்காது, ஆனால் 130 டிகிரியை நெருங்கும்போதே உருகத் தொடங்கும், எரியவும் செய்யும், வெயிலில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டு போல்ட் துளையை இழுக்கும். பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு, அதுவும் சைலன்சரிலிருந்து தள்ளி, நீள் துளை போட்டு மாட்டினால் சரி.

செக்கர் பிளேட்டின் மேல் எனக்கு இருக்கும் குறை இன்னொன்று. அந்தப் புடைப்புகளுக்கு நடுவே சேறு நிரம்பிவிட்டால் பிடிமானமே இல்லை, உலர்ந்த பிறகு சுரண்டி எடுக்கவும் முடியாது. வெறும் தகட்டின் மேல் எபாக்சி பிரைமரும் அதன் மேல் சொரசொரப்பான பாலியூரித்தேன் பூச்சும் அடித்ததில் என் பூட்ஸ் இப்போது வழுக்குவதில்லை. பூச்சில் கீறல் விழுந்தால் உடனே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் துரு ஊர்ந்துகொண்டே போகும், மேலே ஒன்றும் தெரியாது. கார்ப்பெட்டும் ஸ்பாஞ்சும் போடக் கேட்டால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஓடையைத் தாண்டிய தண்ணீர் அதற்குள் மாதக்கணக்கில் இருக்கும். காலடியில் எது தாழ்வான இடமோ அங்கே ஒரு துளையும் ரப்பர் மூடியும் போதும்.

சீட்டையும் பெல்ட்டையும் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். அவற்றைத் தகட்டில் போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள். வெறும் தரைத் தகடு என்றால் மோதும்போது போல்ட் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். கேஜோடு சேர்ந்த குழாயிலோ சட்டத்திலோ பிடித்து, தரை அந்தக் குழாய்க்கு மேலே சும்மா மூடியாக இருக்கட்டும்.

அடுத்த வண்டி உங்கள் பட்டறைக்கு வரும்போது தகட்டை எடுப்பதற்கு முன் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரை முழுக்க விரித்துப் பாருங்கள். அடியில் படுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் போல்ட், டிரான்ஸ்பர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டியில்) எண்ணெய் ஊற்றும் இடம், டேங்கின் மேலிருக்கும் பம்ப், சைலன்சர் குழாய், ஷாஃப்ட் எல்லாவற்றையும் அந்த அட்டையில் மார்க்கரால் வரையுங்கள். வண்டிக்காரரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். எந்தத் துண்டு நிரந்தரம், எந்தத் துண்டு கழற்றி மாட்டுவது, எங்கே கனம், எங்கே மெல்லியது என்று அந்த அட்டையே சொல்லிவிடும். என் வண்டியின் டனல் மூடி இப்போது தனித் துண்டாகப் பன்னிரண்டு போல்ட்டில் நிற்கிறது. போன மாதம் கியர் லீவருக்கு அடியில் எண்ணெய் கசிந்தபோது காட்டுக்குள்ளேயே, ஒரே ஸ்பானரால், அதைக் கழற்றிப் பார்த்தேன்.

அன்புடன்,
உங்கள் வண்டிகளை ஓட்டுகிற ஒருவன்