கருப்பினப் பெண்களின் நாவல்களுக்கு ஓர் அலமாரி: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

நம் வாசகர் வட்ட நூலகத்தில் அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தட்டு இருக்கிறது. ஹெமிங்வே, ஸ்டைன்பெக், ஃபாக்னர் எல்லாரும் இருக்கிறார்கள். ஃபாக்னரின் நாவலில் வரும் டில்சியைப் போல, கருப்பினப் பெண் அங்கே வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரியாக வருகிறாள். அவளே எழுதிய நாவல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அப்படிப்பட்ட 40 நூல்களை வாங்கி வைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

பட்டியலில் முதல் பெயர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். 1937இல் வந்த அவருடைய ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலின் நாயகி ஜேனிக்கு நீண்ட கூந்தல். கடையில் நிற்கும்போது அதை மற்ற ஆண்கள் பார்க்கிறார்கள் என்று கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் அவளைத் தலையில் துணி கட்டவைக்கிறான். அவனும் கருப்பினத்தவன், ஊரே கருப்பினத்தவர் ஊர், அவன்தான் மேயர். அவன் செத்தபிறகு ஜேனி அந்தத் துணிகள் அத்தனையையும் எரித்துவிடுகிறாள். இந்த நாவலில் சொல்ல ஒரு கருத்தும் இல்லை என்று கருப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட்டே அப்போது கடிந்து எழுதினார். ரைட் பெரிய எழுத்தாளர்தான். அந்தத் தலைத்துணி மட்டும் அவர் கண்ணில் படவில்லை போலும்.

ஹர்ஸ்டன் 1960இல் புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில், ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இறந்தார். அடக்கச் செலவுக்குத் தெரிந்தவர்கள் காசு திரட்டினார்கள். கல்லறைக்குக் கல் வைக்கப் பணம் இல்லை. 1973இல் கருப்பினப் பெண் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் களை மண்டிய அந்த இடுகாட்டுக்குப் போய்த் தேடி, இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் கல் நாட்டினார். அவர் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் ஹர்ஸ்டனை மறுபடி பலரும் படிக்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ (1929). அதில் வரும் கிளேர் கருப்பினத்தவள். பார்க்க வெள்ளையாக இருப்பதால் அதை மறைத்து, கருப்பினத்தவர் என்றாலே வெறுக்கும் ஒருவனோடு குடும்பம் நடத்துகிறாள். டோனி மாரிசனின் ‘தி புளூயெஸ்ட் ஐ’ (1970) நாவலில் நீலக் கண்ணுக்கு ஏங்கும் சிறுமி பெக்கோலா, வெள்ளைக்காரக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் படம் போட்ட கோப்பையில் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கிறாள், அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே. மாரிசன் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்தபோது வெளிக்கொண்டுவந்த கெய்ல் ஜோன்ஸும் பட்டியலில் உண்டு.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாப் புத்தகத்திலும் நம் கதையையே தேட வேண்டியதில்லை. அவர்கள் கதையை அவர்கள் வாயால் கேட்கலாமே என்பது எங்கள் எண்ணம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நூல் சராசரியாக 600 ரூபாய் என்று வைத்தால் 24,000 ரூபாய். அலமாரிக்குத் தச்சர் 9,000 கேட்கிறார். ஆக 33,000. கையில் 11,000 இருக்கிறது. இன்னும் 22,000 ரூபாய் வேண்டும். 50 ரூபாயும் நன்கொடைதான். ஒரு நூலின் விலையை முழுதாகத் தருபவர் பெயரை அந்த நூலின் முதல் பக்கத்தில் எழுதிவைப்போம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்காக மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு நாவலைத் தமிழில் விரிவாகச் சொல்ல உறுப்பினர் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

பொங்கலுக்குள் தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு நூலகப் பலகையில் ஒட்டப்படும். இந்த எழுத்தாளர்களின் நூல் வீட்டில் இருந்தால் அதையே தரலாம். அடிக்கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர்