குறுக்கெழுத்து வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மும்பையின் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்டு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் இழப்பைச் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஆவணி மாதம் காலமானார். அவருடைய மருமகள் ஒரு துணிப்பை நிறையப் புதிர் நறுக்குகளைக் கொண்டுவந்து நம்மிடம் ஒப்படைத்தார். எல்லாம் பென்சிலில் எழுதியவை. தெரியாத கட்டங்களைக் காலியாகவே விட்டிருக்கிறார். மறுநாள் விடை வெளியான பிறகு பார்த்து நிரப்பிய தடயம் ஒன்றில்கூட இல்லை. தானாக வராத சொல்லைத் தன் கட்டத்தில் எழுத மாட்டேன் என்று அவர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்.

கூட்டங்கள் வழக்கம்போல் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடந்தன. ஆடி மழையில் ரயில்கள் நின்றுபோனதால் ஒரு கூட்டம் மட்டும் தவறியது.

சென்ற பொதுக்குழுவில் நீண்ட நேரம் விவாதித்த விஷயம், விடையைச் சொல்லலாமா கூடாதா என்பது. தெரிந்தவர் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம் என்றனர் சிலர். எழுத்து ஒன்றை மட்டும் கொடுக்கலாம், சொல்லைக் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதை நான் முழு மனதோடு ஆதரித்தேன். மார்கழிக் கூட்டத்துக்குப் பிறகு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று நம்புகிறேன்.

அன்று பலகையில் இருந்த குறிப்பு: ‘பாத்திரத்தில் பன்றி (3)’. மூன்றெழுத்தில் கடைசி ‘ம்’ என்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. ‘கேழல்’ என்றார் ஒருவர். பொருள் சரி, ஈறு இடிக்கிறது. தாராவியிலிருந்து வரும் அண்ணாச்சி மெல்லச் சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவர் வீட்டில் ஆச்சி காலத்திலிருந்து பாத்திரத்துக்கு வேறொரு பெயர். ஆனால் பன்றி எங்கே வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. விதிப்படி ‘ஏ’ என்ற எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு அமர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தேவாரம் பாடும் நம் தஞ்சாவூர் அம்மா எழுந்தார். சிவன் பன்றிக் கொம்பைப் பூண்ட பாட்டைத் தினமும் பாடுகிறவர். ‘ஏனம்’ என்று எழுதினார். பாத்திரம் என்ற பொருள் அவருக்குத் தெரியாது. பாதி அண்ணாச்சியிடம் இருந்தது, பாதி அம்மாவிடம் இருந்தது. அண்ணாச்சி உடனே விடையைச் சொல்லியிருந்தால் அம்மாவின் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தை நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

பொங்கலுக்கு நாமே ஒரு புதிர் அமைத்தோம். தமிழில் கட்டம் போடுவதன் அருமை அப்போதுதான் புரிந்தது. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்றுதான் வரும். நம் கட்டத்தில் 247இல் எதுவும் வரலாம். அதற்குமேல் இலக்கணம் வேறு காவல் நிற்கிறது. முதல் வரிசையில் ‘கட்டம்’ என்று வைத்தோம். ‘ட்’ என்ற கட்டத்திலிருந்து கீழே எந்தச் சொல்லும் இறங்காது, புள்ளி எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. ‘ம்’ என்பதற்கும் அதே கதி. ‘ட’வில் டமாரம், டப்பா போன்று பிறமொழியிலிருந்து வந்த சொற்கள்தான் உதவும். நான்கில் தாராளமாகத் திறந்த கதவு ‘க’ ஒன்றுதான். அடி வரிசையில் வைத்தால் என்ன? அங்கும் ‘ட்’ ஒத்துழைக்காது, வல்லின மெய்யில் சொல் முடியாது. ஐந்து மாலைகள் அழித்து அழித்து எழுதினோம். புதிரை அவிழ்ப்பவருக்கோ இதே காவல் துணை: ஒரு கட்டத்திலிருந்து கீழே சொல் தொடங்குகிறது என்றால், அங்கே புள்ளி எழுத்து இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்தப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்தது: ‘எந்தப் பக்கமிருந்து நடந்தாலும் காவிரி பிறக்கும் நாடு (3)’. குடகு.

டிசம்பர் கூட்டத்தில் குறுக்கெழுத்தின் பிறந்தநாளைக் கொண்டாடினோம். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் வைர வடிவில் ஒரு கட்டம் வெளியிட்டார். பெயர் ‘வேர்ட் கிராஸ்’. சில வாரங்களில் அச்சுக் கோப்பில் பெயர் புரண்டு ‘கிராஸ் வேர்ட்’ ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. கட்டம் அங்கிருந்து வந்தது உண்மை. சொல்லோடு விளையாடுவது நமக்குப் பழக்கமானதுதான். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுப் பாட்டுகளில், எழுத்தைக் கூட்டிப் பொருளை மாற்றுவது எழுத்து வருத்தனம், குறைத்து மாற்றுவது அக்கரச்சுதகம், திருப்பிப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று. ஞானசம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ‘தலை போன தவளை பெண் கையில் (2)’ என்ற குறிப்புக்கு ‘வளை’ என்று எழுதும்போது நாம் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

வருத்தம் ஒன்று. நாம் வாங்கும் நாளிதழ் ஒன்றில் புதிர் இருந்த இடம் விளம்பரத்துக்குப் போய்விட்டது. கையெழுத்திட்டு இரண்டு கடிதங்கள் அனுப்பினோம், பதில் இல்லை. செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறி, தாளை எட்டாக மடித்து, வடாலா வருவதற்குள் முடித்துவிடும் நம் சகோதரிகள் இருவருக்கும் காலை வேளையே வெறிச்சோடிவிட்டது. மூன்றாவது கடிதமும் எழுதுவோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவில் மாற்றமில்லை.

மூத்தவரின் பையில் கடைசியாக இருந்த நறுக்கை இந்த அறிக்கையின் பின்பக்கத்தில், அவர் எழுதியது எழுதியபடி, வரைந்திருக்கிறோம். கூட்டங்களில் ஒவ்வொன்றாக நிரப்பி வந்தோம். இடமிருந்து வலம் 9 மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. இரண்டாம் எழுத்து ‘ழை’. பென்சில்கள் மேசைமேல் இருக்கின்றன.

செயலாளர்