தை, மாசியில் எங்களை எதிர்பார்க்க வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய விமானச்சீட்டு விபரம் கிடைத்தது. தை பிறந்ததும் புறப்பட்டு வந்து, பங்குனி முடியும்வரை வன்கூவரில் உங்களோடு இருக்க வேண்டும் என்றும், இந்த வயதில் பனி தள்ளிக்கொண்டும் நாலு சுவருக்குள் முடங்கிக்கொண்டும் ஒன்ராறியோவில் கிடந்து துன்பப்படத் தேவையில்லை என்றும் நீயும் மருமகனும் எழுதியிருப்பதில் உள்ள அக்கறை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் அந்த மூன்று மாதமும் நான் இவ்விடத்தை விட்டு அசைய முடியாது. அப்பாவின் எண்ணம் வேறாக இருக்கலாம். அவர் நேற்றே மழைக்கோட்டைத் தேடி எடுத்து வெளியே மாட்டிவிட்டார். எனக்கோ ஆண்டு முழுவதிலும் வேலை கூடிய காலம் இந்தக் குளிர்காலம்தான். அது எப்படி என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே சிரித்துக் கதையை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

"கிழவிமார் கூட்டம்" என்று நீ பகிடி பண்ணும் எங்கள் ஊர் விமன்ஸ் இன்ஸ்ரிரியூற் என்ற கிராமத்து மாதர் சங்கக் கிளைக்கு இந்த வருடம் நான் செயலாளர். உறுப்பினர்களில் சிலர் முதற்பனி விழுமுன்பே புளோரிடாவுக்குப் போய், சித்திரையில்தான் திரும்புகிறார்கள். எஞ்சியிருப்பவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, இன்னொருவருக்குக் கண் என்று ஆள் மாறி ஆள் படுத்துக்கொள்கிறார்கள். குறிப்பேட்டை வைத்திருப்பவளும் மூன்று மாதம் கடலோரம் போய் இருந்துவிட்டால், தீர்மானம் நிறைவேற்றத் தேவையான ஆட்தொகையே தேறாமல் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குளிர்காலத்தில் ஒரு மாதர் சங்கத்துக்கு அப்படி என்ன வேலை என்று நீ கேட்பாய். இந்தச் சங்கம் பிறந்ததே குளிர்காலத்தில்தான். விதைப்புத் தொடங்கி அறுவடை முடிந்து பழமும் காய்கறியும் போத்தலில் அடைபடும்வரை பண்ணைவீட்டுப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் இராது. நிலம் உறைந்த பிறகுதான் அவள் வெளியே புறப்படலாம். இளவேனிலில் சேறாகிக் கிடக்கும் அதே பாதையில், பனி இறுகிய மாதங்களில் சறுக்குவண்டி இலகுவாக ஓடும். ஹமில்ரனைச் சேர்ந்த அடிலெய்ட் ஹூட்லெஸ் அம்மையார் குவெல்ப் விவசாயக் கல்லூரியில் பேசியதைக் கேட்ட ஏர்லண்ட் லீ என்ற விவசாயி, தங்கள் ஊராகிய ஸ்ரோனி கிறீக்கில் வந்து பேசுமாறு அவரை அழைத்தார். ஆண்களுக்கு விவசாயிகள் சங்கம் இருப்பதுபோலப் பெண்களுக்கும் ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டுவிட்டுப் போன அடுத்த கிழமை, 1897 பெப்ரவரி 19ஆம் திகதி, 101 பெண்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே ஆண் லீதான். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அப்பா தன்னை அவருடைய வாரிசாக எண்ணிக்கொண்டு, என்னைக் காரில் கூட்டிவந்து விட்டதும் வீடு திரும்பாமல், பின்வரிசைக் கதிரையில் தேநீரும் கேக்குமாக அமர்ந்துவிடுகிறார்.

ஹூட்லெஸ் அம்மையாரின் கைக்குழந்தை 1889இல் இறந்தது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. பாலை மூடாத பாத்திரத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றிய காலம் அது. சுத்தமும் ஊட்டமும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டிய பாடங்கள் என்று அவர் அதன் பிறகு ஊரூராகப் பேசித் திரிந்தார். 1910 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே விழுந்து உயிர் விட்டார். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியே விற்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் செய்தது 1938இல்தான். அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இந்தக் கிராமத்துப் பெண்களும் இருந்தார்கள். பாணை உறையில் சுற்றி விற்பதும் ரயில் கடவைகளில் அடையாளம் வைப்பதும்கூட இவர்கள் தீர்மானமாக எழுதி அனுப்பிய கோரிக்கைகளே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, குறிப்பேட்டில் பதிவது என்ற சடங்குகளை முன்போல நான் அலுத்துக்கொள்வதில்லை. சென்ற கூட்டத்தின் குறிப்பை முழுவதும் வாசிக்கும் வழக்கத்தை மட்டும் சுருக்கலாம் என்பது இன்றைக்கும் என் கருத்து.

கோடையில் மாலை நேரத்தில் நடக்கும் கூட்டம், கார்த்திகை தொடங்கியதும் மதியத்துக்கு மாறிவிடும், ஏனெனில் இருட்டில் பனிப்பாதையில் யாரும் கார் ஓட்டக் கூடாது. பாடசாலை பஸ்கள் அன்று காலை நிறுத்தப்பட்டால் கூட்டமும் இல்லை என்பது எழுதாத சட்டம். அதை வானொலியில் கேட்ட கையோடு நான் இருவருக்குத் தொலைபேசி எடுக்க, அந்த இருவர் ஆளுக்கு இருவருக்கு எடுக்க, தனியாக இருக்கும் எல்லோருக்கும் செய்தி போய்விடும். செய்தி சொல்வது ஒரு சாட்டு. மறுமுனையில் யாராவது தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் உடனே ஒருவர் அந்த வீட்டுப் படலையடிக்குப் போய்ப் பார்ப்பார். நீ எங்களைப் பற்றிக் கவலைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்.

கூட்டம் ஒரு பிரார்த்தனையோடு தொடங்கும். அற்பத்தனத்திலிருந்து தங்களைக் காக்குமாறு கேட்டு 1904இல் அமெரிக்கப் பெண்ணொருவர் எழுதிய பிரார்த்தனை அது. அதை ஒருமித்துச் சொல்லி முடித்த கையோடு, பெரிய கோப்பிப் பானையைக் கழுவியது போதாது என்ற விவாதம் ஆரம்பமாகும். அடுத்தது பெயர் அழைப்பு. பெயரைக் கூப்பிட்டதும் "வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதாது. அந்த மாதத்துக்குரிய கேள்விக்கு ஒரு மறுமொழி சொல்ல வேண்டும். சென்ற குளிர்காலத்தில் ஒரு கேள்வி, "உங்கள் பாட்டி பஞ்ச காலத்துக்கென்று எதைச் சேமித்து வைத்தார்?" என்பது. மற்றவர்கள் நிலவறை உருளைக்கிழங்கு, உப்பிட்ட பன்றியிறைச்சி, மணலில் புதைத்த கரட் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் அம்மம்மாவின் ஒடியலைச் சொன்னேன். பனங்கொட்டையைப் பாத்தி போட்டு முளைக்க வைத்துக் கிழங்கைக் கிண்டி எடுத்து, பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், மாவாக்கினால் கூழ் என்று நான் விளக்கியபோது எல்லோரும் பேனையை எடுத்துவிட்டார்கள். "நாங்கள் நிலத்துக்கடியில் குளிரை நம்பி வைத்ததை நீங்கள் முற்றத்தில் வெயிலை நம்பி வைத்தீர்கள்" என்று தலைவி சொன்னதை நான் அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

தை மாதம் வந்தால் மாமலேட். செவில் தோடம்பழம் கடைக்கு வருவது அந்தச் சில கிழமைகளில் மட்டுமே. அது உரித்துச் சாப்பிடும் பழம் அன்று, நாரத்தங்காயைப் போலக் கைக்கும். தோலை மெல்லிய கீலங்களாக வெட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, விதையையும் வெள்ளைச் சதையையும் மஸ்லின் துணியில் முடிந்து அதே பானையில் போட வேண்டும், ஏனென்றால் பாகை இறுக்கும் பசை அந்த முடிச்சில்தான் இருக்கிறது. தோல் நன்றாக வெந்து மெதுமையான பிறகே சீனி சேர்க்கலாம். முந்திப் போட்டால் தோல் கட்டைபோல விறைத்துவிடும். பதம் பார்ப்பதற்குக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கோப்பை வேண்டும் என்று சமையற்புத்தகங்கள் சொல்லும். நாங்கள் கோப்பையை விறாந்தையில் பனிக்குமேல் வைத்து எடுத்து, அதில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பார்ப்போம். மேலே ஆடைபோலச் சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைக்கலாம். விற்கும் காசு பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுக்குப் போகிறது.

மாசியில் குவில்ற் போர்வை. மண்டபத்தின் பக்கத்து அறையில் மரச்சட்டம் ஏற்கெனவே ஏறிவிட்டது. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே ஒற்றைத் துணி என்று மூன்று படையையும் இழுத்துக் கட்டி, சுற்றிவரக் கதிரை போட்டு இருந்து தைக்கிறோம். நடுவில் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி ஒரு பக்கம் வெளிர்நிறக் கீலங்கள், மறுபக்கம் கருநிறக் கீலங்கள் என்று அடுக்குவது "லொக் கபின்" கோலம். வலக்கை மேலே ஊசியைக் குத்த, இடக்கை விரல் கீழே ஒளிந்திருந்து ஊசிமுனை தட்டுப்பட்டதும் அதை மேலே திருப்பிவிட வேண்டும். அதனால் மாசி முடியும்போது எங்கள் எல்லோருடைய இடக்கைச் சுட்டுவிரலும் சொரசொரத்துப் போயிருக்கும். ஓரத்திலிருந்து தைத்துத் தைத்துச் சட்டத்தைச் சுருட்டிக்கொண்டு நடுவை நோக்கிப் போவதால், ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தாலும் அந்தப் பக்கம் பின்தங்கி, மற்றவர்கள் சுருட்ட முடியாமல் காத்திருக்க நேரிடும். என் இடத்தில் இருக்க இப்போதைக்கு ஆள் இல்லை. போர்வையைச் சீட்டுக் குலுக்கலில் விடுவதற்கு நகரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பதும் செயலாளரின் வேலை.

யூக்கர் இரவைப் பற்றி அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். காசு சேர்ப்பதற்காக நாங்கள் வைக்கும் கடதாசி விளையாட்டு அது. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. துரும்பு இனத்தில் ஜாக்தான் ஆகப் பெரியது என்று கேட்டதும் அவருக்கு முன்னூற்றுநாலு நினைவுக்கு வந்து, எல்லாம் தெரிந்தவர்போல இறங்கிவிட்டார். ஆனால் நம்முடைய விளையாட்டில் 32 கடதாசி, ஆளுக்கு எட்டு; இதில் 24, ஆளுக்கு ஐந்து. போதாததற்குத் துரும்பின் அதே நிறத்தில் உள்ள மற்ற ஜாக்கும் துரும்பாகிவிடும். இதெல்லாம் பழகி இப்போது அவருக்கு ஒரு நிரந்தரக் கூட்டாளி கிடைத்திருக்கிறார், ஓய்வுபெற்ற பாற்பண்ணைக்காரர்.

இன்னொரு வேலையும் எனக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோவில் பல கிளைகள் தங்கள் ஊரின் வரலாற்றை ஒரு பெரிய தொகுப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றன. 1935 முதல் 1940 வரை கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ருவீட்ஸ்மியூர் பிரபுவின் மனைவி தூண்டிய யோசனை என்பதால் அவர் பெயரால் அழைக்கப்படும் இந்த ஏடுகளை, 1947 முதல் முறைப்படி எழுதி வருகிறார்கள். எரிந்துபோன பள்ளிக்கூடம், இடித்த ஆலை, எந்தக் காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இந்தத் தையில் அந்தப் பக்கங்களை நான் கணினியில் ஏற்ற வேண்டும். நாங்கள் இந்த ஊருக்கு வந்து கடை திறந்த கதையையும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் உள்ள அந்தக் கடை வாசல் படத்தை அனுப்பிவை. உன் முன்பல் விழுந்திருந்த படம் என்று மறைத்து வைக்காதே.

வரலாற்றைத் துருவப் போய் நான் கண்டுபிடித்த ஒரு விடயத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மேரி இரத்தினம் என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். கனடாவில் பிறந்து மருத்துவம் கற்று, 1896இல் இலங்கைக்குப் போய், ஒரு தமிழரைக் கைப்பிடித்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்த வைத்தியர் அவர். கனடாவின் இந்த மாதர் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கியவர் அவரே. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கிராமியப் பெண்களின் உலகச் சங்கம் 1953இல் ரொறன்ரோவிலும், அதை அடுத்து 1957இல் கொழும்பிலும் மாநாடு நடத்தியிருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்கள் ஒரு பேணியில் போடும் சில்லறை அந்தச் சங்கத்துக்குத்தான் போகிறது. மாசிக் கூட்டத்தில் நிறுவிய நாளைக் கொண்டாடும்போது இந்த அம்மையாரைப் பற்றி இருபது நிமிடம் பேச என் பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சாகிவிட்டது. முகத்தைச் சுளிக்காதே, உன் தாய் ஆங்கிலத்தில் பேசப்போகிறாள், அதுவும் ஒலிவாங்கி இல்லாமல்.

இவ்வளவையும் விட்டுவிட்டு நான் வன்கூவரில் சன்னலோரம் இருந்து மழை பார்ப்பதற்கு உன்னைத் தவிர வேறு காரணம் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் குறைவில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்ற ஏக்கமும் இருக்கிறது. ஆகவே சீட்டை வைகாசிக்கு மாற்றிவிடு. சித்திரையில் ஆண்டுக் கூட்டம் முடிந்து, கணக்கையும் குறிப்பேட்டையும் புதிய செயலாளரிடம் கொடுத்த பின் ஒரு மாதம் தாராளமாக வந்து நிற்பேன். மாற்றுவதற்குக் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று எழுது, நான் அனுப்புகிறேன். அப்பாவின் சீட்டை மட்டும் இப்போது தொட வேண்டாம். தை மாத யூக்கர் போட்டியின் திகதி இன்று காலைதான் வந்தது, அதைப் பார்த்ததிலிருந்து அவர் மழைக்கோட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
அம்மா