கப்பி மீன்களை ஜோடியாகப் பரிசளிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை சற்று நேரம் நின்றால், பிறந்தநாள் விழாவுக்கு வரும் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காகச் சின்னஞ்சிறு பாலித்தீன் பைகளில் கப்பி மீன்களை ஜோடி ஜோடியாக வாங்கிச் செல்பவர்களைப் பார்க்கலாம். மொட்டை மாடியில் 11 ஆண்டுகளாகக் கப்பி வளர்த்துக் குட்டிகள் எடுத்து வருபவன் என்ற முறையில், மீனைக் கொடுங்கள், ஆனால் ஜோடியாகக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கப்பி முட்டையிடாமல் குட்டி போடும் மீன். சினைக்காலம் ஏறத்தாழ நான்கு வாரம். அடிவயிற்றின் கரும்புள்ளி அடர்ந்து, வயிறு பெட்டி போலச் சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். உருண்டையாகச் சுருண்டபடி வெளியே வரும் குட்டி, நொடியில் நிமிர்ந்து பாசிக்குள் பாய்கிறது. பாயத் தவறியதைத் தாயே திரும்பி விழுங்கிவிடுகிறது. அப்படி விழுங்கியும் ஒரு ஈற்றில் இருபது முப்பது மிஞ்சும். வாங்குபவர்கள் அறியாத செய்தி வேறொன்று உண்டு. ஒருமுறை இணைந்த பெண், விந்தணுக்களை உடலிலேயே பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்துக் குட்டிகளை ஈனும். ஆகவே ஆண் செத்துவிட்டது, இனி பெருகாது என்று இருப்பதில் பயனில்லை. கடைத் தொட்டியில் ஆண்களோடு நீந்திய பெண் அநேகமாகச் சினையோடுதான் வீட்டுக்கு வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு சிறுவனுக்கு இப்படிப் பரிசாக வந்த சிவப்பு அல்பினோ வகைக் கப்பி ஜோடி, நான்கு மாதத்தில் கண்ணாடிக் குடுவை கொள்ளாத கூட்டமாகிவிட்டது. தண்ணீர் நாறத் தொடங்கியதும், கொல்ல மனமில்லாத அவனுடைய பாட்டி அத்தனையையும் வாளியில் எடுத்துப்போய்க் கோயில் குளத்தில் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வளர்க்கத் தொடங்கிய புதிதில், வால் கோணியவை, முதுகு வளைந்தவை என்று கழித்த மீன்களை நானும் ஓர் ஏரியில் விட்டவன்தான். அதைப் புண்ணியம் என்றுகூட நினைத்தேன்.

கப்பி நம் ஊர் மீன் அன்று. டிரினிடாட், வெனிசுலா பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. 1866-இல் டிரினிடாடிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு இம்மீனை அனுப்பி வைத்த கப்பி என்பவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மற்ற பல வண்ண மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாத நம் போர்வெல்லின் கடின நீர் இதற்கு மிகவும் பிடிக்கும், வெயிலையும் தாங்கும். புதிய நீர்நிலையில் வேர்பிடிக்க ஜோடிகூடத் தேவையில்லை. டிரினிடாடில் தொட்டிக்கு ஒரே ஒரு சினை மீனாக விட்டுப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. பெரும்பாலான தொட்டிகளில் இரண்டு ஆண்டுகள் கழித்தும் கப்பிகள் நிலைத்திருந்தன. குளத்தில் விட்ட தோகை வால் ஆண்களைக் கொக்கும் பெரிய மீன்களும் எளிதில் பிடித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் நிறம் மங்கிய குட்டிகள் தப்பிப் பெருகி, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் சிறு மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடும்.

டெங்குவைத் தடுக்க உள்ளாட்சிகளே கப்பியை விடுகின்றனவே என்று கேட்கலாம். பயனற்ற கிணற்றிலும் மூடிய தொட்டியிலும் கொசுப்புழுவைத் தின்ன விடுவதை நான் எதிர்க்கவில்லை. மழையில் நிரம்பி வாய்க்காலோடு கலக்கும் குளத்துக்கும் ஏரிக்கும் அந்த நியாயம் பொருந்தாது. கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் அங்கே முன்பே இருக்கின்றன.

இதற்குத் தீர்வு கடை வாசலிலேயே இருக்கிறது: ஆண்களை மட்டும் வாங்கிக் கொடுங்கள். கப்பியில் அழகெல்லாம் ஆணுக்குத்தான். மாஸ்கோ நீலம், டக்சீடோ என எந்த வகைக் கப்பியானாலும், விசிறி போல விரியும் வால் ஆணுடையது. பெண் பருத்து, பெரும்பாலும் நிறம் மங்கி இருக்கும். ஆண்கள் ஐந்தாறை மட்டும் ஒரே தொட்டியில் விட்டாலும் பெரிதாகச் சண்டை வருவதில்லை. குட்டிகள் ஒரு மாதம் வளர்வதற்குள் ஆணின் அடித்துடுப்பு குச்சி போலக் கூராகிவிடுவதால், பிரித்தெடுப்பதும் பழகிய கண்ணுக்குக் கடினமில்லை. விற்பவர்கள் ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வைத்து, பெண்ணை வாங்குபவரிடம் குட்டிகளை என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அளவுக்கு மீறிப் பெருகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பெரிய மீன் வளர்ப்பவர்கள் இரையாகவும் வாங்கிக்கொள்வார்கள். கேட்கக் கொடூரமாகத் தோன்றினாலும், குளத்தில் விடுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

அந்தச் சிறுவன் இப்போது மறுபடியும் மீன் கேட்கிறான். மூன்று ஆண்களை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். குடுவைக்குப் பதில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்த தொட்டி வாங்கிய பிறகு வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.