பருப்புத் தண்ணீர் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மேலூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். பேத்திக்கு 6 மாதம் முடிந்து, போன வாரம் அழகர்கோவிலில் சோறூட்டினோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: 'பல்லு முளைக்கட்டும், அதுவரைக்கும் பருப்புத் தண்ணி போதும்.' என் மகனுக்கு நானும் அப்படித்தான் கொடுத்தேன். எட்டு மாதத்திலும் எடை ஏறாமல் கிடந்தான். நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. தண்ணியில் வயிறு ரொம்பும், சத்து சேராது. 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து மட்டும் பிள்ளைக்குப் பத்தாது.

மருமகள் குழைந்த சோற்றையும் வெந்த பாசிப்பருப்பையும் துளி நெய் விட்டு விரலாலேயே மசிக்கிறாள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணியாக ஒழுகக்கூடாது, மெல்ல வழுக்கி விழ வேண்டும். அதுதான் பதம். முதலில் வேளைக்கு 2, 3 கரண்டி, தாய்ப்பாலும் தொடர்கிறது. உப்பு, சர்க்கரை சேர்ப்பதில்லை.

ஒரு வயதுக்குள் தேன் தொடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப்பிள்ளையின் தசைகளையே முடக்கிவிடும். நம் ஊர்களில் பிறந்த அன்றே பிள்ளையின் நாக்கில் தேனைத் தொட்டு சேனை வைக்கிறார்களே!

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எங்கள் தெருவில் மாட்டுத் தொட்டிக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பாமல், மாதம் ஒருநாள் அங்கேயே காய்ச்சிக் காட்டட்டும். தாய்மாரோடு எங்களைப் போன்ற பாட்டிமாரையும் கூப்பிட வேண்டும். பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்று வீட்டில் சொல்வது நாங்கள்தான்.

ஒரு பாட்டி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்