நகம் மாட்டுது என்று நீ சொன்னாய்

அன்புத் தங்கச்சிக்கு,

மணிகளை மெல்ல ஆற்றும் நம் சூளையை உனக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணாடி உருக்கும் டார்ச், ஆக்சிஜன் மெஷின், கிராஃபைட் பலகை, மணி சுற்றும் கம்பிக்கட்டு எல்லாம் சேர்த்துத்தான். கண்ணாடி மணி செய்வதை ஏன் நிறுத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இங்கே விளக்கப் போவதில்லை. போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். இங்கே எழுதினால் படிப்பாய். ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அதனால் உன் பேர் இதில் இல்லை, வேறு யார் பேரும் இல்லை.

ஆடி பிறந்தால் நீ போய் இரண்டு வருஷம்.

முதலில் சாமான் விஷயம். உன் கை ஊட்டியில் பழகிய கை. கோயம்புத்தூரில் அதே வால்வை அதே அளவு திருப்பினால் வேறு தீ வரும். இங்கே நாம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மெஷின் உறிஞ்சுகிற காற்றே மெலிந்தது. கீழே அதற்கு அடர்த்தியான காற்று கிடைக்கும். ஆக்சிஜனைப் பழைய கணக்கில் திறந்தாயானால் தீ சீறும், தந்த நிறக் கண்ணாடிக் குச்சி நுனியிலேயே கொதித்துக் குமிழி கட்டும். முதல் வாரம் கால்வாசி குறைத்துத் திறந்து, டார்ச் முகத்தில் நிற்கும் நீலக் கூம்புகள் குட்டையாக, கூர்மையாக நிற்கும் வரை மெதுவாக ஏற்று. கூம்பு நீண்டு தீயின் நுனி மஞ்சளித்தால் காஸ் அதிகம் என்று பொருள். அந்தத் தீயில் டர்காய்ஸ் நீலம் மேலே செங்கல் நிறத்தில் மங்கிவிடும். அது அழுக்கு இல்லை, அதிலுள்ள செம்பு மேலே வந்து நிற்பது.

மார்கழி, தையில் தலைக்குந்தாப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் நாம் பட்ட காஸ் தொல்லை உனக்கு இனி இல்லை. குளிரில் சிலிண்டரிலிருந்து புரொப்பேன் முதலில் ஓடிவிடும். பியூட்டேன் உறைபனிக் குளிரில் சரியாக ஆவியாகாமல் அடியில் தங்கிவிடும். சிலிண்டரில் பாதி காஸ் இருக்கும்போதே தீ படுத்துக்கொண்டது அதனால்தான். ஆனால் கீழே வேறொன்று உண்டு. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். மேலே ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் வழி வேண்டும். சமையல் சிலிண்டரை மாட்டிவிடாதே. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இணைப்பில் சோப்பு நீர் தடவிப் பார்.

கம்பியில் பூசும் களிக்கரைசல் இங்கே ஆனி, ஆடி மேகத்தில் ஒரு நாள் முழுக்க ஈரமாகவே நிற்கும். அங்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதை நினைத்துச் சந்தோஷப்பட்டு வெயிலில் வைக்காதே. வேகமாகக் காய்ந்த பூச்சு வெடித்து உரியும், மணி கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். பாலாடைப் பதத்தில் கலக்கி, கம்பியை ஒரே முக்கில் செங்குத்தாக இழுத்து எடுத்து, நிழலில் நிறுத்து. உள்ளே இருக்கும் கம்பிகளில் 1.6 மில்லிமீட்டர் நாற்பது, 2.4 மில்லிமீட்டர் இருபது. எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கோபம். நீ போட்டிருக்கும் மாலைப் படங்களைப் பார்க்கிறேன். 12 மில்லிமீட்டர் மணியைத் தங்கூசியில் கோர்க்கிறாய். அந்த அளவு மணி ஒன்று இரண்டே கால் கிராம் இருக்கும்; முப்பத்திரண்டு கோர்த்தால் எழுபது கிராமைத் தாண்டும். அந்தக் கனத்தில் தங்கூசி முதலில் நீளும், பிறகு துளை விளிம்பில் அறுபடும். ஏழு இழை ஸ்டீல் கோர்ப்பு வயர், 0.38 மில்லிமீட்டர் வாங்கு. வயர் முனையைப் பூட்டும் சின்ன உலோகக் குழாயை, அந்தக் கிரிம்பை, வெறும் குறடால் சப்பையாக நசுக்கியிருக்கிறாய். உள்ளே இரண்டு வயரும் குறுக்கிடாமல் பக்கம் பக்கமாக இருக்க, முதலில் பள்ளம் விழுகிற மாதிரி அழுத்தி, பிறகு திருப்பி மடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை காட்டியிருப்பேன்? இறுக்குவதற்கு முன் மாலையைக் கழுத்து மாதிரி வளைத்துப் பிடி, இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடு. நேராக வைத்து இறுக்கின மாலை கழுத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் உன் மணிகளின் துளை முனை இரண்டும் தொப்புள் மாதிரி உள்வாங்கி, உருண்டு நிற்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மணிகளில் பத்துக்கு இரண்டாவது கூராக நிற்கும். உன்னுடையதில் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்த அந்த மாலையின் 64 மணிகளிலும் இல்லை. சாமான் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

டியூப்லைட்டுக்குக் கீழே நீ வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு, வைர அரம் வைத்துத் துளைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாய். வெளியே மழை. தந்த நிற அடிமணி, மேலே டர்காய்ஸ் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாம்பல் கோடு. ஒரு மணியைச் சால்வை நுனியில் துடைத்து, கட்டைவிரல் நகத்தைப் புள்ளியைச் சுற்றி ஓட்டினாய். “அக்கா, நகம் மாட்டுது” என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது தந்தமும் நீலமும் சேர்ந்தா வர்ற கோடு, எப்பவும் வர்றதுதானே” என்றேன். நீ மறுபடி ஓட்டிப் பார்த்தாய். மூன்று மணிகளைத் தனியாக எடுத்து மேஜையில் என் பக்கம் நகர்த்தி வைத்தாய். நான் மூன்றையும் எடுத்துக் கிண்ணத்தில் மற்றவற்றோடு போட்டேன்.

கிண்ணத்தில் விழுந்த சத்தம் வரை ஞாபகம் இருக்கிறது.

நான் சொன்னது பாதி உண்மை. தந்தத்தில் உள்ள கந்தகமும் நீலத்தில் உள்ள செம்பும் தொடும் இடத்தில் கருங்கோடு விழும். ஆனால் அந்தக் கோடு கண்ணாடிக்குள்ளே இருக்கும், நகத்துக்குத் தெரியாது. நகம் மாட்டினால் அது விரிசல். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். கொஞ்சம் பேனா மை தடவித் துடைத்திருந்தால் போதும், விரிசல் மையைப் பிடித்துக்கொண்டு காட்டிக்கொடுத்திருக்கும். அரை நிமிஷ வேலை.

கொடுத்த ஒன்பதாம் நாள் 17 மணிகள் உடைந்து மாலை திரும்பி வந்தபோது, வந்தவர்கள் முன்னால் நான் சொன்னதை இங்கே மறுபடி எழுத மாட்டேன். அந்த வீட்டாரும் இதைப் படிக்கலாம். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ராத்திரி கரண்ட் போனபோது நீ சூளையைக் கவனிக்கவில்லை என்ற அர்த்தத்தில் நான் பேசினேன் என்பது மட்டும் போதும்.

நீ விட்டுப்போன நோட்டைப் போன மாசம்தான் பிரித்தேன். உன் கையெழுத்தில் இருக்கிறது: “9.40 கரண்ட் போச்சு, 488 டிகிரி. 10.05 வந்துச்சு, 402. மறுபடி 515, ஒரு மணி நேரம். மணிக்கு 50 வீதம் 425 வரைக்கும். ஆஃப். காலைல 8 மணிக்குத் திறந்தேன்.” இதைவிடச் சரியாக யாரும் செய்ய முடியாது. நடுவில் சூடு இறங்கியதால் மணிக்குள் இறுக்கம் சேர்ந்திருந்தாலும், விரிசல் விடாத வரை மறுபடி 515க்கு ஏற்றி நிறுத்தினால் அது கரைந்துவிடும். நீ ஏற்றி நிறுத்தியிருக்கிறாய்.

அப்புறம் அந்தப் புள்ளிகளுக்கு வைத்த நீலக்குச்சி. சீட்டு ஒட்டாத கலப்புக் கட்டு ஒன்று வாங்கினேனே, அதிலிருந்து. எங்கே வாங்கினேன் என்று எழுதவில்லை. விற்றவர் ஏமாற்றவில்லை, இது நம் தந்தம் மாதிரி 104தானா, அதாவது சூட்டில் விரிந்து சுருங்குகிற அளவு அதேதானா என்று நான்தான் கேட்கவில்லை. அந்தக் கட்டில் மிச்சம் இருந்த ஒரு குச்சியையும் நம் தந்தக் குச்சியையும் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, இரண்டு கண்ணாடியும் இணையாக ஓடுகிற மாதிரி முழ நீளத்துக்கு மெல்லிய இழையாக இழுத்தேன். பொருந்துகிற கண்ணாடியாக இருந்தால் இழை ஆறினபின்னும் நேராக நிற்கும். இது என் கண் முன்னாலேயே தந்தத்தின் பக்கமாக வில் மாதிரி வளைந்தது. எந்தப் பக்கம் உள்வளைவோ அந்தக் கண்ணாடிதான் அதிகம் சுருங்குகிறது. அந்த நீலம் 104 இல்லை, அதைவிடக் குறைவு.

90 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு டிகிரிக்கும் கோடியில் 14 பங்கு வித்தியாசம். கண்ணாடி இறுகிய பிறகு 450 டிகிரி இறங்குகிறது. பத்து மில்லிமீட்டருக்கு ஆறு மைக்ரான், தலைமயிர்த் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். கண்ணாடி அந்த அளவுகூட விட்டுக்கொடுக்காது, புள்ளியின் ஓரத்திலேயே பிரியும். சூளையில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இந்த இறுக்கம் போகாது. ஏனென்றால் இது வேகமாக ஆறியதால் வந்ததில்லை, இரண்டும் வேறு வேறு கண்ணாடி என்பதால் வந்தது. விரிசல் எல்லாம் புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடியிருந்தது; ஆற்றுவதில் பிழை என்றால் அது வண்ணத்தைப் பார்க்காமல் மணியையே குறுக்காகப் பிளந்திருக்கும். உடைந்த 17 மணிகளும் என் கையில்தான் இருந்தன. அப்போதே பார்த்திருக்கலாம்.

அரிக்கமேட்டு மணிகள் இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் எப்படி உடையாமல் வந்தன என்று ஒரு நாள் கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பொடிமணிகள் ஒரே உலைக் கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கியவை, பெரும்பாலும் ஒற்றை நிறம். ஒன்றோடொன்று இழுபறி போட உள்ளே இன்னொரு கண்ணாடி இல்லை. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறையில் இழுத்திருக்கிறார்கள். உன் கேள்விக்கான பதில் இதுதான், தாமதமாக.

என்னை மன்னித்துவிடு. சீசன் முடிந்து கை காலியாக இருந்த மாசம், முன்பணம் வாங்கிச் செலவழித்தாயிற்று, அறைக்குள் மூன்று பேர் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான், ஆனால் நோட்டில் இருப்பதை இதில் எதுவும் அழிக்காது.

ஆனால் நீயும்தான். அந்த நோட்டைத் திறந்து ஒரே ஒரு பக்கத்தை அவர்கள் முன்னால் காட்டியிருக்கலாம். “மூணு மணியத் தனியா எடுத்து வச்சேனே அக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீயின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். இரண்டு வருஷம் ஒரு போன் இல்லை. கோத்தகிரியில் யாரிடமோ, நான் குச்சியில் மிச்சம் பிடிக்கிறவள் என்று சொன்னாயாம். அது என் காதுக்கு வராது என்று நினைத்தாயா? நல்ல குச்சியை உன் பழக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, சிவப்புக் குச்சியைச் சூடு தாங்காமல் நீ கருக்கிக் கருக்கிப் போட்டபோதும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை யாரிடம் சொன்னாய்?

உன் மூக்குக்கண்ணாடியும் பெட்டியில் இருக்கிறது. காதுக்கயிற்றில் நீ கோர்த்த பொடிப்பாசி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் நூல் நைந்திருந்தது, மாற்றிக் கோர்த்திருக்கிறேன்.

வாங்குகிற ஒவ்வொரு புதுக்கட்டிலும் ஒரு குச்சியை இழைபோட்டுப் பார்க்காமல் மணியில் வைக்காதே, கட்டின் மேல் என்ன எண் எழுதியிருந்தாலும் சரி. ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் போலராய்டு தகடு இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக, இருட்டாகும் வரை திருப்பி வைத்து, நடுவில் மணியைப் பிடி. புள்ளியைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. தந்தம் போன்ற ஒளிபுகா நிறங்களுக்கு அது உதவாது, இழைதான், நகம்தான்.

சூளையை இறக்கியதும் பின்பக்கத்தில் சென்சார் கம்பியைப் பார். அதன் நுனி உள்ளே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மலை இறங்கும் வளைவுகளில் குலுங்கிப் பின்வாங்கியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் 515 என்று காட்டும்போது உள்ளே அதற்கும் மேலே போய், மணிகள் தரையில் ஒட்டும். கதவுச் செங்கல் இடது ஓரத்தில் சின்னதாகப் பெயர்ந்திருக்கிறது, அது பழையது. எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் போடு.

தனியாக ஒரு சின்ன டப்பா இருக்கும். திரும்பி வந்த மாலையில் உடையாமல் இருந்த மணிகள். அன்றைக்கு 47 இருந்தன, இன்று காலை எண்ணினேன், 39. டப்பாவை யாரும் தொடவில்லை. எதையும் கோர்த்துவிடாதே.

லோடு வியாழக்கிழமை பகலில் வரும். இறக்க இரண்டு பேர் வேண்டும், சாய்க்காமல் இறக்கச் சொல்.

அக்கா