சீராக இல்லாத அந்த டிக் டிக்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன் மகன் கேட்டிருந்ததற்கு, "கதிர்வீச்சு அளவியலை முதுநிலையில் எடுக்கலாமா அத்தை?" என்பதற்கு, ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

பட்டப்படிப்பில் நாம் இருவரும் ஒரே மேசையில், கதிர்வீச்சை 'டிக் டிக்' என்று எண்ணிக் காட்டும் கைகர் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? "என்னடி இது, கடிகாரம் மாதிரி சீராக அடிக்க மாட்டேன் என்கிறதே, கெட்டுப்போய்விட்டதோ?" என்று கேட்டாய். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி மாணவியாக வந்த பிறகுதான், உன் அந்தக் கேள்விதான் இந்தப் படிப்பின் வாசற்படி என்று புரிகிறது. ஒரு அணுக்கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 100 எண்ணினால், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்குச் சாதாரணமாகவே ஏறலாம், இறங்கலாம். அதாவது பத்து சதவீதம். அதை ஒரு சதவீதமாகக் குறைக்க 10,000 எண்ண வேண்டும். நூறு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

இதன் கடுமை எங்கே தெரியும் என்றால், கதிர்வீச்சு மிகக் குறைவாக உள்ள மாதிரிகளில். மாதிரியை வைத்து எண்ணினால் 120. எடுத்துவிட்டு அதே நேரம் எண்ணினால், சுற்றுப்புறக் கதிர்வீச்சு மட்டுமே 100. வித்தியாசம் 20, ஏதோ இருக்கிறது என்று கை பரபரக்கும். ஆனால் அந்த 20க்கு உள்ள ஐயம் 220இன் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 15. இதை வைத்துக்கொண்டு "இருக்கிறது" என்று சொல்லலாமா? முடியாது. "இல்லை" என்றும் சொல்ல முடியாது. லாயிட் கர்ரி (Lloyd Currie) என்ற அறிவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்தைத்தான் பிரித்துக் காட்டியது: இருக்கிறது என்று முடிவெடுக்கும் வரம்பு வேறு, இருந்தால் தவறாமல் கண்டுபிடித்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய வரம்பு வேறு. குடிக்கிற தண்ணீரைப் பற்றி யாரோ நம்மிடம் கேட்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் பதில் சொல்வது பெரிய தவறு என்று நான் மனதார நினைக்கிறேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காமா கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெர்மேனியம் டிடெக்டரில் சீசியம் 137 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து அளந்துகொண்டிருந்தேன். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அதன் சிகரம் ஊசி போல நின்றது. 477 பக்கத்தில், காமா கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறுவதால் வரும் காம்ப்டன் விளிம்பு, அதுவும் சரி. ஆனால் கீழே 73இலும் 75இலும் ஒட்டிக்கொண்டு இரண்டு சிகரங்கள். சீசியத்துக்கு அங்கே வேலையே இல்லை. மூலத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று மூன்று நாள் அட்டவணைகளைப் புரட்டினேன். ராத்திரி தூக்கம்கூட வரவில்லை. கடைசியில் பார்த்தால், அது வெளிக்கதிர்களைத் தடுக்க டிடெக்டரைச் சுற்றியிருந்த காரீயச் சுவரின் குரல்! காமா கதிர் பட்டதும் காரீயம் தன் சொந்த எக்ஸ் கதிரை வெளியிடும். அதை விழுங்கத்தான் உட்புறம் வெள்ளீயத் தகடு. வெள்ளீயம் வெளியிடுவதை விழுங்க அதற்கும் உள்ளே செம்புத் தகடு. துடைப்பதற்காகக் கழற்றிய தகடுகளை யாரும் திரும்ப மாட்டவில்லை. மாட்டினேன், இரண்டு சிகரங்களும் போய்விட்டன. காவலுக்கு வைத்த சுவரே பேசும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன்தான். கேட்டது வேறு, மூன்று நாள் அலைந்து அறிந்தது வேறு.

உன் மகனிடம் இதையும் சொல். எலக்ட்ரானிக்ஸ், புள்ளியியல் இரண்டிலும் கை வைக்கத் தயங்கக் கூடாது. ஒரு காலத்தில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருட்டறையில் உட்கார்ந்து, கண் பழகும்வரை காத்திருந்து, துகள்கள் பட்டுத் திரையில் மின்னும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்தக் கண்வலி தெரிந்த கைகர்தான் பிறகு முல்லருடன் சேர்ந்து 1928இல் நம் குழாயைக் கொண்டுவந்தார். இன்று கருவி எண்ணித் தந்துவிடும். எண்ணத் தவறியது எவ்வளவு என்று கணக்கிடுவது இன்னமும் நம் தலையில்தான்.

எனக்கு இந்தப் படிப்பு பிடித்திருக்கிறது, கௌரி. ரொம்பவே. ஆனால் என் விருப்பத்தை வைத்து அவன் முடிவெடுக்க வேண்டாம். உன் பள்ளியில் கைகர் கருவி ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வெறும் மேசையில் வைத்து, ஒவ்வொரு நிமிடமாக இருபது முறை எண்ணச் சொல். இருபது எண்களையும் அப்படியே எழுதி எனக்கு அனுப்பட்டும். சராசரியை மட்டும் அனுப்பக் கூடாது. பார்த்துவிட்டு அவனுக்கே தனியாகப் பதில் எழுதுகிறேன்.

டிடெக்டரைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும் முறை இன்று என்னுடையது, கிளம்புகிறேன். அப்பாவுக்குக் கட்டு அவிழ்த்ததும் எழுது.

அன்புடன்,
மீனா